எங்க எடுத்தீங்க?

எங்கள் மேசைக்கு யார் எந்தக் கல்லைக் கொண்டு வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். வந்தவர் முகம் கொஞ்சம் வாடும். "இது என்ன", "எத்தனை கோடி வருஷம்" என்பதற்குப் பதில் வாங்கிப் போக வந்தவர் அவர். நானோ எந்த ஊர், எந்த ஓடை, தரையில் கிடந்ததா, மண்ணுக்குள் பாதி புதைந்திருந்ததா என்று ஆரம்பித்துவிடுவேன். "ஏன் சார், எடுக்கக் கூடாதா?" என்று கல்லைப் பைக்குள் திருப்பி வைக்கப் போனவர்களும் உண்டு.

கேட்பதற்குக் காரணம் அரியலூர் வட்டாரத்தின் நில அமைப்பு. திருச்சிக்கு வடக்கே, பாடாலூர், ஊட்டத்தூர், காரைப் பக்கம் வெளியே தெரியும் அடுக்குகள் வயதில் மூத்தவை. சுமார் பத்து, பதினொரு கோடி ஆண்டுகள். அடுக்குகள் கிழக்குப் பார்த்துச் சாய்ந்து கிடப்பதால் கிழக்கே வர வர வயது குறைந்துகொண்டே போகும். கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஓட்டக்கோவில் எல்லாம் தாண்டிக் கல்லமேட்டுக்கு வந்தால் டைனோசர்களின் கடைசிக் காலம். இன்னும் கிழக்கே நின்னியூரில் டைனோசர்கள் அழிந்த பிறகு படிந்த சுண்ணாம்புக்கல். பாடாலூரில் பஸ் ஏறிச் செந்துறைப் பக்கம் இறங்குவதற்குள் நான்கு கோடி ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. ஆகவே ஊர்ப் பெயர் தெரிந்தால் பாதி விடை கைக்கு வந்துவிடும். காரையிலிருந்து ஓர் எலும்புத் துண்டு வந்தால் கடல் விலங்கு என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். காரைக் களிமண் கடலடியில் படிந்தது. அதே அளவுத் துண்டு கல்லமேட்டிலிருந்து வந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். அது ஆற்று வண்டல். நிலத்தில் திரிந்த பிராணியாக இருக்கலாம். இடம் தெரியாத எலும்போ வெறும் எலும்பு.

நான் கல்லூரியில் ஜியாலஜி பாடம் எடுத்தவன். ஓய்வு பெற்ற பிறகு, முன்னாள் மாணவர்கள் சிலரும் இரண்டு பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத் தொடங்கினோம். பெயர்ப்பலகை கிடையாது, சந்தா கிடையாது. ஒரு பள்ளி வகுப்பறை, நான்கைந்து உருப்பெருக்கிக் கண்ணாடி, பழைய நுண்ணோக்கி ஒன்று, தண்ணீர்ப் பானை. புத்தகக் கண்காட்சியோ அறிவியல் கண்காட்சியோ நடந்தால் ஒரு மேசை கேட்டு வாங்கி அங்கே உட்காருவோம். யார் எந்தக் கல்லைக் கொண்டு வந்தாலும் பார்த்துச் சொல்வோம். இதற்கென்று பெரிய திட்டம் எதுவும் அன்று இல்லை, இன்றும் இல்லை.

வருகிறவர்களில் கல்லூரி மாணவர்கள் குறைவு என்பது எனக்கு ஆரம்பத்தில் வருத்தமாகவே இருந்தது. வந்தது யார் என்றால் டிப்பர் ஓட்டுநர்கள், ஆடு மேய்ப்பவர்கள், கிணறு வெட்டுகிறவர்கள், ஏரி வேலைக்குப் போகும் பெண்கள். மண்ணைக் கிளறுகிறவர்கள் கையில்தானே கல் சிக்கும்! சுண்ணாம்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஓட்டுநர் ஒருவர் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் நாட்டிலஸ் என்னும் சுருள் ஓட்டுக் கடலுயிரின் படிவம் ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். எங்கே என்றதும், சுரங்கத்தில் எத்தனையாவது பெஞ்ச், எந்தப் பக்கத்துச் சுவர், அதற்கு மேலே சிப்பிக் கல் எத்தனை அடி என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். பட்டம் பெற்ற என் மாணவர்கள் பலருக்கு அப்படிச் சொல்ல வராது. அன்றைக்கு எங்கள் பதிவேட்டில் ஏறிய குறிப்புதான் இன்றுவரை அதிலுள்ள குறிப்புகளில் ஆகச் சிறந்தது. அந்தச் சுவர் இப்போது இல்லை. வெட்டி, அரைத்து, சிமெண்டாகிப் போய்விட்டது.

இதைச் சொல்லும்போது சுரங்கத்தைத் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் முழுக்கச் சிப்பி. கடலடியில் தடித்த ஓட்டுச் சிப்பிகள் தலைமுறை தலைமுறையாகச் செத்து அடுக்கிய பாறை அது. அந்தச் சுண்ணாம்புதான் சிமெண்ட் ஆலைகளை இந்த ஊருக்கு இழுத்து வந்தது. தோண்டியிராவிட்டால் அந்த நாட்டிலஸ் நம் கண்ணில் பட்டே இருக்காது. தோண்டுகிற இடத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆளாக ஜியாலஜிஸ்ட் ஒவ்வொரு பள்ளத்திலும் நிற்க முடியாது, ஓட்டுநர் நிற்கிறார். எங்கள் கூட்டத்தின் பயன் என்ன என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான்.

ஒரு முறை ஆயா ஒருவர் பேரனோடு வந்தார். மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த கல்லை அவிழ்த்தார். உள்ளங்கையில் அடங்கும் அளவு. கீழே தட்டை, மேலே மேடு. உச்சியிலிருந்து ஐந்து இதழ்கள் விரிந்து இறங்கும் கோலம். குங்குமம் அப்பி இருந்ததால் இதழ்களின் ஓரத்துப் புள்ளி வரிசைகூடத் துல்லியமாகத் தெரிந்தது. ஒவ்வொரு இதழின் இரு கரையிலும் ஊசி முனைத் துளைகள், இரண்டிரண்டாக.

"ஓட்டக்கோவில் பக்கம் ஓடையில கெடந்துச்சு தம்பி. மாடு மேய்க்கப் போனப்ப எடுத்தேன். சாமி கல்லுதானே?"

"கும்பிடுறதுல ஒண்ணும் தப்பில்ல ஆயா. இது ஒரு உசுரோட ஓடு. ஏழு கோடி வருஷத்துக்கு முன்னாடி இங்க கடல் இருந்தப்ப மணலுக்குள்ள பொதைஞ்சு கெடந்த உசுரு. இந்தத் துளை வழியாத்தான் குழாய்க் காலை நீட்டி மூச்சு விட்டுச்சு."

"அப்ப இதுக்கு உசுரு இருந்துச்சுன்னு நீயே சொல்ற" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. அவர் கட்சி வென்றதாக அவருக்குத் தீர்மானம்.

அது கடல் முள்ளெலிகளில் ஒரு வகை. ஸ்டிக்மாடோபைகஸ் எலாட்டஸ் என்பது அறிவியல் பெயர். அந்த இனத்தை முதலில் விவரித்தவர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ், 1846-இல். அளவெடுத்து, படம் பிடித்து, ஓடையின் பெயரை எழுதிக்கொண்டு கல்லை ஆயாவிடமே கொடுத்துவிட்டோம். கூட இருந்த இளைஞர் ஒருவருக்கு அதில் சம்மதமில்லை. அருங்காட்சியகத்துக்கு வாங்கியிருக்க வேண்டும் என்றார். ஓட்டக்கோவிலில் அந்த இனம் நிறையக் கிடைக்கிறது, அபூர்வமல்ல. பூசை அலமாரியில் இருப்பது பத்திரமாகவே இருக்கும். வற்புறுத்திப் பிடுங்கியிருந்தால் அந்தத் தெருவிலிருந்து இன்னொரு கல் நம் மேசைக்கு வராது.

கல்லைக் கும்பிடுவது பற்றி அறிவியல்காரர்கள் சிரிப்பது எனக்குப் பிடிப்பதில்லை. நேபாளத்தில் காளி கண்டகி ஆற்றில் எடுக்கும் சாளக்கிராமம் நம் வீடுகளில் எத்தனை தலைமுறையாக அபிஷேகம் வாங்குகிறது! பல சாளக்கிராமங்களுக்குள் இருக்கும் சக்கரம், ஜுராசிக் காலக் கடலில் வாழ்ந்த அம்மோனைட்டின் சுருள். அந்தப் பக்கத்து முக்திநாத் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருவக்கரைக் கல்மரங்களை வக்கிராசுரனின் எலும்பு என்று சொல்லும் கதை அந்த ஊரில் உண்டு. மண்ணில் கிடப்பது சாதாரணக் கல் இல்லை, எப்போதோ உடம்பாக இருந்தது என்று அந்தக் கதையைக் கட்டியவர் கண்டுபிடித்துவிட்டார் அல்லவா? எலும்பா மரமா என்பதில்தான் சறுக்கல்.

மேசையில் நாங்கள் செய்யும் சோதனைகள் ரொம்ப எளிமையானவை. முதலில் கண்ணாடி, பத்து மடங்கு பெரிதாக்குவது போதும். உடைந்த முகத்தில் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு. பொங்கினால் சுண்ணாம்பு. குழந்தைகள் கூடியிருந்தால் அமிலத்தை எடுக்க மாட்டோம். வினிகர் விட்டுக் காட்டினால் மெல்ல நுரைக்கும், அவர்களுக்கு அது போதும். எலும்பா என்று சந்தேகம் வந்தால் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். துளைகள் நிறைந்த எலும்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும், சாதாரணக் கல் ஒட்டாது. சபையில் இதைச் செய்தால் கூட்டம் கூடும். பின்னாலேயே ஒரு பையன் கைக்குக் கிடைத்த ஜல்லியை எல்லாம் நக்க ஆரம்பிப்பான். அதனால் இப்போதெல்லாம் மறைவாகச் செய்கிறேன்.

எதிரில் இருப்பவர் மனம் கோணாமல் "இது வெறும் கல்" என்று சொல்வதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. கொண்டு வருவதில் பெரும்பங்கு வெறும் கல்தான். அதிலும் உருண்டைக் கல் வந்தால் வந்தவர் வாயிலிருந்து வரும் அடுத்த சொல் எனக்கு முன்கூட்டியே தெரியும்: முட்டை.

2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் நீர்நிலை ஒன்றில் மண் எடுத்தபோது பெரிய பெரிய உருண்டைகள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று படம் பரவி, வண்டி கட்டிக்கொண்டு கூட்டம் போனது. பார்த்த வல்லுநர்கள் அது முட்டை இல்லை, அம்மோனைட் போன்ற கடலுயிர்களைச் சுற்றி இறுகிய உருண்டைப் பாறை என்று சொன்னார்கள். அது உருவாகும் விதம் இப்படி: கடலடிச் சேற்றில் ஒரு சிப்பியோ அம்மோனைட்டோ செத்துக் கிடக்கும். அது அழுகும்போது சுற்றியுள்ள சேற்று நீரின் வேதியியல் மாறும். அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு படிந்து சேற்றை இறுக்கும். சுற்றிலும் உள்ள களிமண் பின்னாளில் கரைந்துபோக, இறுகிய உருண்டை மட்டும் நிற்கும். வெயிலிலும் மழையிலும் அது வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக உரியும். பார்க்கிறவர்கள் அதை முட்டை ஓடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடுத்த சில மாதங்கள் எங்கள் மேசைக்கு முட்டையைத் தவிர வேறு எதுவும் வரவில்லை என்றே சொல்லலாம். ஒரு விவசாயி சாக்கில் போட்டு மொபெட்டில் கட்டிக் கொண்டு வந்திருந்தார். முட்டை இல்லை என்றதும் முகம் விழுந்துவிட்டது. அதன் ஒரு பக்கம் ஏற்கெனவே பிளந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்ததும் உள்ளே அம்மோனைட்டின் விலா வரிகள் வளைந்து போவது தெரிந்தது. அந்தச் சுருளின் ஒவ்வொரு அறையும் அந்தப் பிராணி வளர வளரக் கட்டி முடித்துவிட்டு வெளியேறிய வீடு என்று சொன்னேன். கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டவர் அரை மணி நேரம் திருப்பித் தரவில்லை.

டைனோசரே இந்தப் பக்கம் இல்லையா என்று கேட்டு விடுவார்கள். இருந்தது. அதிலும் ஊர்ப் பெயர் கதை இருக்கிறது. 1979-இல் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் இந்த வட்டாரத்துப் புதைபடிவம் ஒன்றுக்குத் திராவிடோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். முதுகில் தகடு உள்ள டைனோசர் என்பது அவர்கள் கணிப்பு. 1996-இல் சங்கர் சட்டர்ஜியும் ருத்ராவும் அது டைனோசரே இல்லை, பிளீசியோசார் என்னும் கடல் ஊர்வனவின் எலும்பு என்றார்கள். 2017-இல் கால்ட்டனும் அய்யாசாமியும் மறுபடி ஆராய்ந்து டைனோசர்தான் என்று எழுதினார்கள். கூட்டத்தில் இதைச் சொன்னால் "கடைசியில என்னதான் சார் அது?" என்பார்கள். படிவம் கிடைத்த அடுக்கு கடலில் படிந்தது என்பதுதான் வழக்கின் ஒரு முக்கியச் சாட்சி. நிலத்து விலங்கின் உடல் கடலுக்கு அடித்துப் போகவும் முடியும் என்பது எதிர்வாதம். என்னைக் கேட்டால் இன்னொரு எலும்பு கிடைக்கும்வரை பேசாமல் இருப்பேன்.

இன்னொன்று பிருஹத்காயோசாரஸ். கல்லமேட்டுப் பக்கம் கிடைத்தது. 1987-இல் யாதகிரியும் அய்யாசாமியும் பெயரிட்டது. காலின் கீழ் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர் நீளம். அந்தக் கணக்குச் சரியென்றால் பூமியில் நடந்த ஆகப் பெரிய விலங்குகளில் ஒன்று அரியலூரில் நடந்திருக்கிறது. ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. ஏற்கெனவே பொடிந்து கிடந்தவை. பருவமழை ஈரத்தில் மேலும் சிதைந்து போயின. எலும்பே இல்லை, கல்மரத்தைப் பார்த்துவிட்டு எழுதிவிட்டார்கள் என்றுகூட வெளியில் பேச்சு கிளம்பியது. 2022-இல் பாலும் அய்யாசாமியும், எலும்புகள் தரையில் கிடந்தபோது எடுத்த பழைய படங்களை வெளியிட்ட பிறகுதான் அந்தப் பேச்சுக்குப் பதில் கிடைத்தது. இப்போது அதைப் பெரிய நீள்கழுத்து டைனோசராக மறுபடி ஆராய்கிறார்கள். எலும்பு கரைந்த பிறகும் ஒரு படமும் ஓர் ஊர்ப் பெயரும் வழக்கை உயிரோடு வைத்திருக்கின்றன. எங்கள் கூட்டத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை இது.

நூற்றெழுபது, நூற்றெண்பது ஆண்டுக்கு முந்தைய படிவங்கள் இன்றும் பயன்படுவதும் ஊர்ப் பெயர் இருப்பதால்தான். 1840-களில் மதராஸ் அரசு அதிகாரிகளான கேயும் கன்லிஃபும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கம் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். ஆயாவின் பூப்போட்ட கல் இனத்துக்கு ஃபோர்ப்ஸ் பெயர் வைத்தது அந்தச் சேகரிப்பைப் பார்த்துத்தான். பிறகு ஹென்றி பிளான்ஃபோர்டு இந்த நிலப்பகுதியை அளந்து 1862-இல் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அடிப்படையில் இன்றும் அந்தப் பிரிவினைதான். அதன்பின் ஸ்டோலிச்கா தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் கால உயிர்களைப் பற்றி எழுதிய தடித்த தொகுதிகள். மொராவியாவில் பிறந்த மனிதர். 1874-இல் இமயத்துக்கு அப்பால் போய்த் திரும்பும் வழியில் லடாக்கில் செத்துப்போனார். அவருடைய பட்டியலைப் புரட்டினால் நம் சிற்றூர்களின் பெயர்கள் ஆங்கிலேயக் காதுக்கு எட்டியபடி விழுந்து கிடக்கும். எழுத்துக்கூட்டல் எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும். ஊரை அடையாளம் கண்டு அதே ஓடைக்கு நான் மாணவர்களை அழைத்துப் போயிருக்கிறேன். அந்தப் படிவங்களின் சீட்டில் "தென்னிந்தியா" என்று மட்டும் எழுதியிருந்தால் எங்கே போய் நிற்பது?

வருடத்தில் ஓரிரு முறை காரைக்குக் கூட்டமாகப் போவோம். காரையிலிருந்து குளக்கல்நத்தம் வரை மழை அரித்த செம்பழுப்புக் களிமண் நிலம். புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. ஒரு மரம்கூட இல்லாத வெளி. காலை ஆறரைக்கு இறங்கி ஒன்பதரைக்குள் ஏறிவிட வேண்டும். போனதும் பிள்ளைகள் கையில் எடுப்பது தரையெங்கும் மின்னும் கண்ணாடித் தகடுகளை. வைரம் என்று சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். அது ஜிப்சம், களிமண் வெடிப்புகளில் பின்னால் படிந்தது. நகத்தால் கீறினால் கோடு விழும் என்று காட்டியதும் பாதிப்பேர் கீழே போட்டுவிடுவார்கள். மீதிப்பேர் அப்படியும் விடுவதில்லை, அதுவும் நல்லதுதான். அதன் பிறகு கண் பழகும். விரல் நீளத்தில், ஒரு முனை கூரான பெலம்னைட்டுகள் தெரிய ஆரம்பிக்கும். கணவாயின் தூரத்து உறவு, அதன் உடலுக்குள் இருந்த கெட்டியான பகுதி. இக்தியோசார் என்னும் கடல் ஊர்வனவின் முள்ளெலும்பை இந்த ஊட்டத்தூர் அடுக்குகளிலிருந்து 1879-இல் லிடெக்கர் விவரித்திருக்கிறார். 2011-இல் அண்டர்வுட் குழுவினர் காரைக் களிமண்ணிலிருந்து சுறாப் பற்களோடு இக்தியோசார் பற்களையும் விவரித்தார்கள். நினைவுச்சின்னத்திலிருந்து எதையும் எடுத்து வருவதில்லை என்பது எங்கள் விதி. படம், குறிப்பு, அதோடு சரி.

பிள்ளைகளுக்கு வெறும் கையோடு திரும்புவது ஏமாற்றம்தான். அதற்காக நாங்கள் கண்டுபிடித்த வழி களிமண்ணைச் சலித்தல். சாலை வெட்டிலோ கிணற்று மேட்டிலோ நில உடைமையாளரைக் கேட்டு ஒரு பை களிமண் வாங்கி வருவோம். அடுத்த கூட்டத்துக்குள் அதை மொட்டை மாடியில் நொறுங்கக் காய வைக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் வேலை கெடும். ஈரம் துளி இருந்தாலும் களிமண் தண்ணீரில் கட்டியாகவே கிடக்கும். எலும்பு உலரக் காய்ந்த கட்டியைத் தண்ணீரில் போட்டால் சத்தத்தோடு கொப்பளித்துத் தானாகப் பிரியும். ஒரு சிட்டிகை சலவைச் சோடா போட்டு இரவு முழுக்க ஊற விடுவோம். காலையில் நுண்சல்லடையில் ஊற்றிக் குழாய்த் தண்ணீரை மெல்லத் திறந்துவிட்டால் சேறு போய்விடும். தெளிந்த நீர் இறங்கும்வரை கையால் தேய்க்கக் கூடாது. மிஞ்சுவது ஒரு தேக்கரண்டி மணல். அதை உலர்த்தி நுண்ணோக்கியின் கீழ் கறுப்புத் தட்டில் தூவிப் பார்த்தால் மணலின் பாதி மணலே இல்லை. ஃபோராமினிஃபெரா என்னும் ஒரே செல் உயிர்களின் ஓடுகள். முனையை ஈரமாக்கிய மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் தொட்டெடுக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படித் தொட்டெடுத்தாள். மூச்சு விட்டால் பறந்துவிடும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. எண்ணெய்க் கம்பெனிகள் துளைக் கிணறுகளில் பாறையின் வயதைக் கணிப்பது இந்தத் தூசியை வைத்துத்தான் என்றால் கூட வந்த அப்பாக்களுக்கும் மரியாதை வந்துவிடுகிறது.

மனக்குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கல்வி நிறுவனம் தன் ஆண்டு விழாக் கண்காட்சிக்காக எங்கள் படிவங்களைக் கேட்டது. பெட்டி பெட்டியாகச் சீட்டோடு கொடுத்தோம். திரும்பி வந்தபோது கற்கள் எல்லாம் ஒரே சாக்கில், பளபளவென்று கழுவி. சீட்டுகள் எல்லாம் ஒரு கவரில், ரப்பர் பேண்ட் போட்டு. அழகாக இருக்கட்டும் என்று கழுவினார்களாம். படங்களை வைத்துச் சிலவற்றை மீட்டோம். மீதி இப்போது பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும் பெட்டியில் கிடக்கிறது. வேறு எதற்கும் உதவாது. அதன்பின் ஒவ்வொரு கல்லின் மறைவான ஓரத்திலும் நகப்பூச்சு ஒரு துளி வைத்து, காய்ந்ததும் அதன் மேல் கறுப்பு மையால் எண் எழுதி, மறுபடி ஒரு பூச்சு கொடுத்துவிடுகிறோம். எண் பதிவேட்டில் இருக்கும். சீட்டு தொலையலாம், எண் தொலையாது. அருங்காட்சியகங்கள் காலம் காலமாகச் செய்கிற வேலைதான் இது.

விற்பனைக்கு வாங்க வருகிறவர்களும் உண்டு. அம்மோனைட் என்ன விலை போகும் என்று கேட்பார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று நான் தேடிப் பார்த்தேன். கோயில் சிலைகளைக் காக்கும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் புதைபடிவத்தை மனத்தில் வைத்து எழுதியதல்ல. புவிமரபு இடங்களையும் படிவங்களையும் காக்க ஒன்றியச் சுரங்க அமைச்சகம் 2022-இல் ஒரு மசோதா வரைவை வெளியிட்டது. இங்கிலாந்தின் தோர்செட் கடற்கரையில் வேறு மாதிரி: கடற்கரையில் சேகரிக்கலாம், முக்கியமான படிவம் கிடைத்தால் பதிவு செய்ய வேண்டும், பெரும்பாலும் எடுத்தவரே வைத்துக்கொள்ளலாம். அங்கே மலைச்சரிவை அலை அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்காவிட்டால் கடல் கொண்டுபோகும் என்பது அந்த ஏற்பாட்டின் நியாயம்.  தோர்செட்டின் வழி அப்படியே நமக்குப் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எடுத்தவரைத் திருடர் போலப் பார்க்காமல் முதலில் பதிவு செய்ய வைப்பது என்ற பகுதியை மட்டும் இரவல் வாங்கலாம். நம் ஊரில் ஏரிக்கரை மண் டிராக்டரில் ஏறுவதும் கடல் அலைக்குச் சளைத்ததல்ல.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம் பக்கம் ஓடையிலோ கிணற்று மண்ணிலோ சாலை வெட்டிலோ சிப்பி பதிந்த கல்லோ எலும்பு போன்ற ஒன்றோ கண்ணில் பட்டால் கடப்பாரையைத் தேடாதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயமோ பேனாவோ வைத்து அருகிலிருந்து ஒரு படம், பின்னால் பத்தடி தள்ளி நின்று சுற்றுப்புறம் தெரிய இன்னொரு படம் எடுங்கள். கைப்பேசியில் இருப்பிடத்தைப் பதிந்துகொள்ளுங்கள். ஊர், வயல் அல்லது ஓடையின் பெயர், தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். கல் ஏற்கெனவே பெயர்ந்து கிடந்து, விட்டால் லாரிச் சக்கரத்தில் நொறுங்கும் என்றால் மட்டும் எடுத்துத் தாளோடு சேர்த்துக் கட்டுங்கள், கழுவ வேண்டாம். பிறகு வாரணவாசியில் உள்ள அரியலூர்ப் புதைபடிவ அருங்காட்சியகத்துக்கோ, பக்கத்தில் ஜியாலஜி துறை உள்ள கல்லூரிக்கோ கொண்டு போங்கள். கல்லை வாங்கிக்கொள்கிறவர் தாளை வாங்காவிட்டால், வாங்கச் சொல்லிக் கேளுங்கள்.